குழந்தைமேல் பழி போடாதே! மறைத்தவனைக் கேள்!

தத்தெடுத்த பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. கணக்கு ஏறவில்லை. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நேற்றுச் சொன்னது இன்று நினைவில் இல்லை. உடனே ஊர் வாய் திறக்கிறது: "என்ன ஜாதியோ, எந்த ரத்தமோ!"

ஜாதியுமல்ல, ரத்தமுமல்ல! இதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: கர்ப்பிணி குடிக்கும் மது, தொப்புள்கொடி வழியே சிசுவுக்குப் போய் மூளையைக் கெடுக்கிறது. 1968ல் பிரான்சிலும் 1973ல் அமெரிக்காவிலும் டாக்டர்கள் இதை எழுதிவிட்டார்கள். பல குழந்தைகளுக்கு முகத்தில் அடையாளமே இராது. தாய் குடித்தாளா என்ற தகவல்தான் டாக்டருக்குப் பெரிய துப்பு.

அந்தத் துப்பைத்தான் மறைக்கிறார்கள்! குழந்தையின் வைத்திய அறிக்கையைத் தத்தெடுப்போர் தங்களுக்கு வேண்டிய டாக்டரிடம் காட்டலாம் என்கிறது 2022ம் வருஷத்து விதி. நல்லது. எழுதாமல் விட்டதை எந்த டாக்டர் படிப்பார்? தெரிந்தும் எழுதாதவன் பெற்றோரை மட்டுமா ஏமாற்றுகிறான்? பயிற்சி பெறவேண்டிய வயதில் பிள்ளை பிரம்படி வாங்குகிறதே!

"குடித்த தாயைத் தண்டி" என்பார்கள் கனவான்கள். தண்டித்தால் அவள் நர்சிடமும் மறைப்பாள். அறிக்கையில் அந்த இடம் என்றும் காலிதான். தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். திராட்சைத் தோட்ட முதலாளிகள் தலைமுறை தலைமுறையாகக் கூலியில் ஒரு பங்கை மதுவாகவே அளந்தார்கள். அந்த வட்டாரத்தில்தான் இந்த நோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்பட்டது. குற்றவாளி தாயா, அளந்து ஊற்றியவனா?

இங்கே 2003 முதல் சில்லறையில் ஊற்றுவது சர்க்காரின் டாஸ்மாக். அமெரிக்காவில் 1989 முதல் ஒவ்வொரு மது பாட்டிலும் கர்ப்பிணியை எச்சரிக்கிறது. நம் பாட்டில், உடம்புக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்கிறது. வயிற்றுப் பிள்ளையைப் பற்றி மூச்சில்லை! லேபிள் அச்சடிப்பதில் பேர்போன சிவகாசித் தோழர்களே, அந்த ஒரு வரியை அச்சேற்ற மையா இல்லை? மனமில்லை!

நாம் கேட்பது இவைதான்:

தாயின் பெயரை வெளியிடாதே. குழந்தையின் உடல்நிலையை மறைக்காதே!

பாட்டிலில் கர்ப்பிணிக்கு எச்சரிக்கை அச்சிடு!

விருதுநகர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இக்குழந்தைகளுக்கு இலவசப் பரிசோதனையும் பயிற்சியும் கொடு!

தத்தெடுத்த தோழனே! பிள்ளை கடையில் வாங்கிய சரக்கல்ல, திருப்பிக் கொடுக்க. அதை மார்போடு அணைத்துக்கொள். மறைத்தவனின் சட்டையைப் பிடி!