அடிலெயிட் நகருக்கு மூன்று நாள்

அவுஸ்திரேலியாவுக்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் சிட்னியிலே பாலத்தையும் ஒப்பரா மண்டபத்தையும் கண்டு, மெல்பேணிலே உறவினர் வீடுகளில் விருந்துண்டு, பின் கொழும்புக்கு விமானம் ஏறிவிடுகின்றனர். தென் அவுஸ்திரேலியாவின் தலைநகராகிய அடிலெயிட் அவர்தம் பிரயாணத்தில் இடம்பெறுவதில்லை. மகனோ மகளோ இங்கே படித்தாலும், "அங்கே பார்க்க என்ன இருக்கிறது? நீ மெல்பேணுக்கு வா" என்று பிள்ளையை அழைப்பிக்கும் பெற்றோரை நாம் அறிவோம். நெடுங்காலம் பணஞ் சேர்த்து ஒருமுறை கடல் கடந்து வருபவர்கள் பிள்ளை வாழும் ஊரைக் காணாமலே திரும்புவது நமக்குச் சரியெனத் தோன்றவில்லை. ஆதலின், இவ்வூர்வாசி என்ற உரிமையில் அன்பர்களுக்குச் சில வார்த்தை சொல்லுகின்றோம்.

வந்தால் மூன்று நாளாவது தங்குக. ஒரு பகலில் ஓடிப் பார்ப்பவருக்கு இந்நகர் ஒன்றும் காட்டாது. முன்னே நின்று படம் பிடித்துக்கொண்டு போகத்தக்க பெரும் பொருள் இங்கு இல்லை. நகரத்தின் அமைப்பே காட்சி. ஏறக்குறைய ஒரு சதுர மைல் பரப்பு, நேரான அகன்ற வீதிகள், நடுவிலும் நாற்புறத்திலுமாக ஐந்து சதுக்கங்கள், யாவற்றையும் சுற்றி மதில் போலப் பசும்புல்வெளி. நடுச் சதுக்கத்திலிருந்து எத்திசை நோக்கி நடந்தாலும் அரை மணிக்குள் மரநிழலை அடைந்துவிடலாம். நடக்க இயலாத முதியவர்கள் டிராம் வண்டியில் ஏறலாம். நகர மையத்தினுள்ளே அதற்குக் கட்டணமில்லை.

இவ்வமைப்பை வகுத்தவர் கேணல் வில்லியம் லைற். மலாயாப் பென்சன்காரரின் கதைகளைக் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தவருக்கு இவர் முற்றும் அந்நியரல்லர். பினாங்கில் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைற்றின் புதல்வர் இவர். 1786இல் கெடாவிலே பிறந்தவர். தாயார் ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வழியினர். 1837ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டே மாதத்தில் இந்நகர நிலத்தை அளந்து முடித்தார். நகரம் கடற்கரையை அடுத்து இருக்கவேண்டுமென்று தேசாதிபதி வாதாடினார். நன்னீர் ஆறும் பின்னே மலையும் உள்ள சமவெளியே தக்கதென்று லைற் விடாது நின்றார். பூசல் முற்றி 1838இற் பதவி துறந்தார். அடுத்த ஆண்டு அவர் குடியிருந்த குடிசை தீப்பற்றிப் பல ஏடுகள் எரிந்தன. அவ்வாண்டிலேயே வறுமையும் காசநோயும் வருத்த இறந்தார். அவர் பெயரால் வழங்கும் சதுக்கத்திலேயே அவரது சமாதி உளது. மொன்டிபியோரே குன்றிலே அவரது சிலை கை நீட்டி நகரைச் சுட்டி நிற்கின்றது. முதல் நாள் மாலையில் அங்கே ஏறி நின்று நகரைப் பாருங்கள். வீதிகளின் ஒழுங்கு அப்பொழுது விளங்கும். புல்வெளியிற் பல துண்டுகளைப் பின்வந்த அரசாங்கங்கள் கட்டடங்களுக்கு எடுத்துக்கொண்டது உண்மையே. எஞ்சியிருப்பதே நம் கண்ணுக்குப் பெரிது. நகர அமைப்பும் புல்வெளியும் 2008இல் தேசிய மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

குன்றின் அடியிலே கிரிக்கட் மைதானம். 1911ஆம் ஆண்டின் ஓட்டப்பலகை இன்றும் அங்குக் கையால் இயக்கப்படுகின்றது. 1999 ஜனவரியில் முரளிதரனின் பந்தை நடுவர் பிழையெனக் கூவ, அர்ச்சுன ரணதுங்க அணியினரை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றது இம்மைதானத்திலேதான். பின்னர் ஆட்டம் தொடர்ந்து, இங்கிலாந்தின் 302 ஓட்டங்களை நம்மவர் ஒரு விக்கட் எஞ்ச வென்றதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுக.

மாணவர்கள் ஒரு முழுப் பகலை நோர்த் ரெறஸ் வீதிக்கு ஒதுக்கவேண்டும். நூல்நிலையம், நூதனசாலை, சித்திரசாலை, சர்வகலாசாலை, தாவரப் பூங்கா யாவும் ஒரே வரிசையில் உள. எக்ஸ் கதிர்களால் பளிங்குகளின் அமைப்பைக் கண்டு 1915இல் நோபல் பரிசு பெற்ற பிராக் தந்தையும் மைந்தனும் இச் சர்வகலாசாலையோடு தொடர்புடையவர்கள். தந்தை இங்கே பேராசிரியர், மைந்தர் இந்நகரிற் பிறந்தவர்.

நூதனசாலையில் ஆதிக்குடிகளின் பொருள்களை அவசரமின்றிப் பாருங்கள். இந்நிலம் கார்னா மக்களுடையது. வெள்ளையர் வந்து நூறாண்டு நிறையுமுன்னரே அவர் மொழி வழக்கொழிந்தது. 1929இல் மறைந்த இவாரிட்ஜி என்னும் மூதாட்டியே அதனைச் சரளமாகப் பேசிய கடைசி ஆள் என்று சொல்லப்படுகின்றது. ஆயினும் தைக்கல்மன், ஷூர்மன் என்னும் இரு ஜேர்மன் பாதிரிமார் 1840இல் அம்மொழியின் இலக்கணத்தையும் சொற்றொகுதியையும் அச்சிட்டிருந்தனர். அந்நூலைக் கொண்டே சென்ற நூற்றாண்டின் இறுதியில் கார்னா மக்கள் தம் மொழியை மீட்கத் தொடங்கினர். இன்று அது கற்பிக்கப்படுகின்றது. நடுச் சதுக்கத்துக்கு விக்டோரியா என்ற பெயரோடு தார்ந்தான்யங்கா என்ற பெயரும் உண்டு. டொறன்ஸ் ஆறு கரவிர்ரா பாரியுமாகும். பலகைகளிலுள்ள இப்பெயர்களைப் பிள்ளைகளைக் கொண்டு உரக்க வாசிப்பியுங்கள்.

உணவுக்கு மத்திய சந்தை. 1869 முதல் நடைபெறுவது. பழமும் பாற்கட்டியும் மீனும் ஒரே கூரையின் கீழே கிடைக்கும். காலையிலே செல்வது நன்று. மாலையில் டிராம் ஏறி கிளெனல்க் கடற்கரைக்குப் போகலாம். மேற்குக் கரையாதலால் சூரியன் கடலிலே மறையும். மூன்றாம் நாள் பஸ்ஸில் மலையேறி, 1839இல் ஜேர்மனியர் குடியேறிய ஹான்டோர்வ் கிராமத்தைக் காணலாம். கடைகள் மிகுதி, விலையும் மிகுதி. நமக்கு அங்குப் பிடித்தது வழிநெடுக உள்ள மரங்களே.

வெயிலை மட்டும் இலேசாக எண்ணற்க. நம் நாட்டு வெயில் பழகியவர்தாமே என்று ஜனவரியில் வந்து வாடியவர் பலர். 2019 ஜனவரி 24ஆந் திகதி இங்கு வெப்பம் 46.6 பாகையைத் தொட்டது. அக்காற்றில் ஈரமில்லை, வியர்வை தெரியாமலே உடல்நீர் வற்றும். ஏப்பிரலும் ஒக்டோபரும் உகந்த மாதங்கள். பெப்ரவரிக் கடைசியிலும் மார்ச்சிலும் கலைவிழாக்கள் நடைபெறும். நகரம் களைகட்டும், விடுதிக் கட்டணமும் ஏறும். அப்பொழுது வர விரும்புவோர் அறையைச் சில மாதங்களுக்கு முன்னரே பதிந்துகொள்ளுக.