எல்லாக் கண் சிவப்பும் 'மெட்ராஸ் ஐ' அல்ல

கண் சிவந்து நீர் வடிந்தால் நம் ஊர்களில் அதற்கு ஒரே பெயர்தான்: மெட்ராஸ் ஐ. செய்யூரில் களை எடுப்பவரும், திருக்கழுக்குன்றத்தில் சித்தாள் வேலைக்குப் போகிறவரும், மாமல்லபுரத்தில் கல் செதுக்குபவரும் மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறார்கள். மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். இந்தக் கணக்கில்தான் நம் மக்களின் பார்வை பறிபோகிறது.

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் இரு கண்களுக்கும் பரவி, ஓரிரு வாரங்களில் தானே ஆறிவிடும். கருவிழியைத் தாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் அப்படியல்ல. வாயோரம் கொப்புளம் போடும் அதே வைரஸ்தான் இது. பெரும்பாலும் ஒரு கண்ணில் மட்டும் வரும். உறுத்தும், வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். கருவிழியின் உணர்ச்சி குறைவதால் வலி அதிகம் தெரியாமலும் போகலாம். ஆறிய பிறகும் நரம்பில் பதுங்கியிருந்து மீண்டும் வரும். வரவரத் தழும்பு தடிக்கும்.

கண்டுபிடிக்கும் முறை எளியது. ஃப்ளூரசின் சாயத் தாளைக் கண்ணில் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் புண் பச்சையாக ஒளிரும். கிளை விட்ட மரம்போல் தெரிந்தால் அது பெரும்பாலும் ஹெர்ப்பிஸ். அசைக்ளோவிர் கண் களிம்பை நாளுக்கு ஐந்து முறை, மருத்துவர் சொல்லும் நாள்வரை போட்டால் பெரும்பாலானோருக்கு ஆறிவிடும்.

கடையில் சீட்டு இல்லாமல் தரப்படும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிவப்பை உடனே குறைக்கும். உள்ளே புண்ணை விரிய விடும். ஆழமான சில வீக்கங்களுக்கு ஸ்டீராய்டு தேவைதான். ஆனால் அதை வைரஸ் மருந்தோடு சேர்த்துக் கண் மருத்துவரே தர வேண்டும். நெல் தாள் பட்டு வரும் பூஞ்சைப் புண்ணையும் அது கெடுக்கும். தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் விடக் கூடாது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தால், அக்கி எழுதிவிட்டுக் காத்திராமல் கண்ணைக் காட்ட வேண்டும்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் எழுதிய அறிக்கைதான் பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்தது. அந்த நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப் போனது. கூலி வேலை மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. நிலமில்லாதவருக்குக் கையும் கண்ணும்தான் சொத்து. மதுரையில் 1997இல் வெளியான ஆய்வில், கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கண்ணில் பட்ட காயமே தொடக்கமாக இருந்தது. அவர்களில் விவசாய வேலை செய்பவர்களே அதிகம். வைரஸ் புண் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் கண் புண் யாருடைய நோய் என்பதை அது சொல்கிறது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சாயத் தாளும் நீல விளக்கும் அசைக்ளோவிர் களிம்பும் இருக்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நம் தெருக்களில் கண்ணையும் பார்க்க வேண்டும். சீட்டில்லாத ஸ்டீராய்டு விற்பனையை மருந்து ஆய்வாளர்கள் தடுக்க வேண்டும்.

அதுவரை, ஒரு கண் மட்டும் சிவந்து பார்வை மங்கினால் அன்றே செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கோ எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கோ போங்கள். மாணவர்களே, இதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். ஒரு நாள் கூலியை மறுநாள் சம்பாதித்துக்கொள்ளலாம். போன பார்வையை அப்படி மீட்க முடியாது.