பேரு அப்புறம், பூர்வீகம் முதல்ல

போன வாரம் நெல்லுக்குத் தண்ணி கட்டிட்டு, பொன்னேரியில ரயில் ஏறி கொருக்குப்பேட்டைக்குப் போயிருந்தேன். அக்கா வீடு அங்கதான். பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சிட்டு மாடி வீடு கட்டப் போறாங்க. கூரை மரம், கதவு, நிலை எல்லாம் வாசல்ல அடுக்கிக் கிடந்துச்சு.

அதுல ரெண்டு கட்டை மட்டும் தனியா இருந்துச்சு. பின்கட்டுல துணி துவைக்கிற இடத்துல பல வருஷமா கிடந்தது. மேல பச்சை பெயிண்ட். ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சாலும் தூக்க முடியாத கனம். அக்கா மகன் ஓர் ஓரத்தைச் செதுக்கிப் பார்த்திருக்கான், உள்ள கருஞ்சிவப்பா இருந்திருக்கு. அதுல இருந்து அவனுக்குத் தூக்கம் இல்ல.

"மாமா, செல்போன்ல போட்டோ எடுத்துப் போட்டா ஈட்டி மரம்னு காட்டுது. பாப்பாவுக்கு இதுலயே கட்டில் செய்யப்போறேன்"னான்.

மரக்கடைக்காரர் ஒருத்தர் வந்து பார்த்தாராம். பேச்சை ஆரம்பிக்கும்போது "பர்மா தேக்கு மாதிரி இருக்கு"ன்னாராம். விலை கேட்டதும் "காட்டுக்கட்டைப்பா, விறகுக்குத்தான் ஆகும்"னு சொல்லிட்டாராம். ஒரே கட்டை, கால் மணி நேரத்துல ரெண்டு பேரு. விக்கும்போது ஒரு பேரு, வாங்கும்போது ஒரு பேரு. நம்ம நெல்லுக்கும் இதே கதிதான், அதனால எனக்கு ஆச்சரியம் இல்ல.

நான் மரம் படிச்சவன் இல்ல. பத்தாவது வரைக்கும்தான் படிப்பு. ஆனா ஏர், வண்டி, வீடுன்னு மரத்தோட புழங்கினவன். தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

மரத்தோட மேல்நிறத்தை நம்பாதீங்க. வெயிலும் தண்ணியும் பட்டா எல்லா மரமும் கடைசியில ஒரே சாம்பல் நிறம்தான். பக்கவாட்டை விட்டுட்டு வெட்டுமுகத்தைப் பாருங்க. புது பிளேடால மெல்லிசா சீவி, ஈரத்துணியால துடைச்சு, பத்து மடங்கு பெருசாக் காட்டுற லென்ஸை வச்சுப் பாருங்க. தேக்குன்னா ஒவ்வொரு வருஷ வளையத்தோட தொடக்கத்துலயும் பெரிய துளைங்க வரிசை கட்டி நிக்கும். வேற சில மரத்துலயும் அப்படி உண்டு. ஆனா நம்ம பக்கத்து மரங்கள்ல பெரும்பாலானதுல துளைங்க வெட்டுமுகம் பூரா பரவிக் கிடக்கும். துளையே இல்லன்னா அது பைன் மாதிரி ஊசியிலை மரம், துறைமுகத்துல வந்து இறங்குற பேக்கிங் பலகை பலதும் அந்த ரகம். ஹார்டுவுட்னா கெட்டி மரம்னு நினைச்சுக்காதீங்க. அகல இலை மரம்னுதான் அர்த்தம். அந்தக் கணக்குல பஞ்சு மாதிரி இருக்கிற இலவ மரமும் ஹார்டுவுட்தான்.

கனத்தையும் பாருங்க. காய்ஞ்ச தேக்கு ஒரு கன மீட்டர் சுமார் 650 கிலோ, தண்ணியில மிதக்கும். கருங்காலி, செம்மரம் எல்லாம் முழுகிடும். வேங்கையை ஊற வச்சா தண்ணி நிறம் மாறும். இதெல்லாம் சேர்ந்தாத்தான் ஒரு முடிவுக்கு வரலாம். போட்டோவுல கனமும் தெரியாது, வாசனையும் வராது.

இவ்வளவையும் அவன்கிட்ட சொல்லிட்டு லென்ஸை எடுக்கிறதுக்குள்ள கொத்தனாரோட டேப் கண்ணுல பட்டுச்சு. சும்மா அளந்தேன். நீளம் 9 அடி. அகலம் 10 அங்குலத்துக்கு ஒரு நூல் கம்மி. தடிமன் 5 அங்குலத்துக்கு ஒரு நூல் கூட. எனக்குச் சுருக்குன்னுச்சு. பெயிண்டைச் சுரண்டினா, ரெண்டு பக்கமும் பள்ளம், பள்ளத்தைச் சுத்தி சிமெண்டு வச்சு அடைச்ச ஆணி ஓட்டைங்க. பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவுல கிட்டத்தட்ட அஞ்சரை அடி. அகலப்பாதைத் தண்டவாளத்தோட இடைவெளி 1676 மில்லிமீட்டர், அதாவது அஞ்சரை அடி. அகலப்பாதைக்குப் போட்ட மர ஸ்லீப்பரோட அளவு 275 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 13 தடிமன்.

"அக்கா, இது மாமா கொண்டாந்ததா?"ன்னு கேட்டேன்.

"ஆமாண்டா. கூட்ஸ் யார்டுல இருந்தப்ப ஏலத்துல எடுத்தாரு. வண்டிக் கூலிதான் ஜாஸ்தின்னு அப்ப திட்டினேன்"னு சொல்லிட்டு அக்கா அந்தக் கட்டையைத் தடவிக் குடுத்துச்சு.

காங்கிரீட் ஸ்லீப்பர் வர்றதுக்கு முன்னாடி தண்டவாளத்தைத் தாங்கினது இந்தக் கட்டைங்கதான். தேக்கு, சால், பர்மாவுல பியின்காடோன்னு சொல்ற இருள் வகை, இமயமலை தேவதாரு, ஆஸ்திரேலியாவுல இருந்து கப்பல்ல வந்த ஜாரான்னு எல்லாம் போட்டிருக்காங்க. உறுதியான சில மரங்களை அப்படியே போட்டாங்க. மத்ததுக்குக் கரையான் அரிக்காம இருக்க கிரியோசோட்டை ஏத்தினாங்க. அது நிலக்கரித் தார்ல இருந்து எடுக்கிற எண்ணெய். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்கள் பட்டியல்ல அதுவும் இருக்கு. ஐரோப்பாவுல கிரியோசோட் ஏத்தின பழைய ஸ்லீப்பரை வீட்டுக்குள்ளயோ, பசங்க விளையாடுற இடத்துலயோ போடக் கூடாதுன்னு தடையே இருக்கு.

ஆணி ஓட்டைக்குப் பக்கத்துல உளியால ஒரு விரற்கடை ஆழம் செதுக்கினேன். குப்புன்னு தார் வாசனை. மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க முடியல. பாப்பாவுக்கு மூணு வயசு, கட்டிலைக் கடிக்கிற வயசு.

என் கருத்து இதுதான். மரத்தோட பேரைத் தேடுறதுக்கு முன்னாடி அதோட பூர்வீகத்தைக் கேளுங்க. எங்க இருந்துச்சு, என்ன வேலை பார்த்துச்சு, அதுக்கு என்ன மருந்து ஏத்தினாங்க? இப்ப நகரத்துல பழைய மரத்துல மேசை, ஊஞ்சல், காய் வெட்டுற பலகைன்னு ஆசைப்படுறீங்க. நல்ல ஆசைதான், ஒரு மரம் வெட்டுறது மிச்சம். ஆனா "பர்மா தேக்கு"ங்கிற ஒரு வார்த்தைக்குக் காசைக் குடுத்துட்டு வந்துடுறீங்க. துறைமுகத்துப் பேக்கிங் பலகையில முத்திரை இருக்கும். ஹெச்.டி.ன்னா சூடு காட்டினது, எம்.பி.ன்னா மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதைக்கூட யாரும் திருப்பிப் பார்க்கிறது இல்ல.

பேரு வேண்டாம்னு சொல்லல. விலைக்கும் சட்டத்துக்கும் பேரு வேணும். தெரியாம செம்மரத்தை வாங்கி வச்சிருந்தா கேஸ் உங்க மேலதான். சந்தேகம்னா பெங்களூருல இருக்கிற மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குத் துண்டு அனுப்பினா, கட்டணம் வாங்கிக்கிட்டுப் பார்த்துச் சொல்வாங்க. கோயம்புத்தூர் போனா காஸ் வன அருங்காட்சியகத்துல 1902ல இருந்து சேர்த்து வச்ச மரங்களை நேர்லயே பார்க்கலாம். ஆனா எந்த நிபுணர் பேரு சொன்னாலும், அந்தக் கட்டை குடிச்ச தாரு பேருல தெரியாது. அது வீட்டுப் பெரியவங்களுக்குத்தான் தெரியும். அவங்ககிட்ட கேக்கிறதுக்குக் கட்டணமும் இல்ல.

கட்டிலுக்குப் பழைய வீட்டு நிலைக்கதவு மரத்தை இழைச்சுப் பார்த்தோம். சுத்தமான தேக்கு, வெட்டுமுகத்துல வளையம் பளிச்சுன்னு தெரியுது. ஸ்லீப்பரை விறகாக்கவும் விடல, அந்தப் புகையும் ஆகாது. மூலையில, பாப்பா கைபடாத இடத்துல சார்த்தி வச்சிருக்கோம். அது என்ன மரம்னு இன்னும் பேரு தெரியாது. அக்கா "அது உங்க மாமா கட்டை"ங்குது. இப்போதைக்கு அந்தப் பேரே போதும்.