அந்தக் கன்று எதனால் இறந்தது?

1990-களின் கடைசியில் ஓர் ஆடி மாதம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு யானை முகாமில் கால்நடை மருத்துவராக இருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். சாரல் விட்டபாடில்லை. பாகன் ஓடி வந்தார். “டாக்டர் சார், குட்டி பால் குடிக்க மாட்டேங்குது. நாக்கைக் கொஞ்சம் வந்து பாருங்க, நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கு.”

தாயைப் பிரிந்து முகாமுக்கு வந்த பெண் கன்று அது. இரண்டு வயது. முந்தின நாள் மாலை வரை பாகனின் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரிந்தது. இப்போது கரால் என்னும் மரக்கூண்டின் மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. முகம் வீங்கியிருந்தது. கன்னத்தில் அழுத்தினால் விரல் பதிந்தது. நாக்கின் நுனி ஊதா நிறம். குளுக்கோஸ் ஏற்றினேன், ஆன்டிபயாடிக் போட்டேன், கையிலிருந்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்தேன். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டது.

பிரேதப் பரிசோதனையில் இதயத்தை வெளியே எடுத்தபோது அதன் மேல்பரப்பு முழுக்கச் செம்புள்ளிகள், குங்குமத்தைக் கரைத்துத் தெளித்த மாதிரி. ‘இதயச் செயலிழப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதயம் நின்றது உண்மைதான். ஏன் நின்றது என்று எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. திசு எதையும் எடுத்து வைக்கவும் இல்லை. குழியை மூடிவிட்டுத் திரும்பும்போது பாகன் கேட்டார்: “நான் கலக்கிக் கொடுத்த பால்ல ஏதாச்சும் கோளாறா சார்?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பல ஆண்டுகள் கழித்துத்தான் ஹெர்பிஸ் வைரஸ் பற்றிப் படித்தேன். 1995-இல் வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையில் குமாரி என்ற 16 மாத ஆசிய யானைக் கன்று திடீரென இறந்தது. காரணத்தைத் தேடிப் போனவர்கள் அதுவரை பெயரில்லாத ஒரு ஹெர்பிஸ் வைரஸைக் கண்டுபிடித்து, 1999-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். இன்று அதை இ.இ.எச்.வி. என்கிறோம். இரத்தக் குழாய்களின் உள்சுவரை அது தாக்குகிறது. சுவர் கசிகிறது, இரத்தம் திசுக்களுக்குள் இறங்குகிறது, நாக்கு நீலம் பாய்கிறது, இதயத்தில் புள்ளி விழுகிறது. முதல் அறிகுறி தெரிந்து ஓரிரு நாளில் கதை முடிந்துவிடும். நோய் முற்றிய கன்றுகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

2013-இல் வயநாட்டு வனக் கால்நடை மருத்துவர் அருண் சக்கரியாவும் உடன் ஆய்வாளர்களும் தென்னிந்தியாவில் இந்த நோயால் நேர்ந்த ஒன்பது யானைச் சாவுகளைப் பதிவு செய்தார்கள். காட்டு யானைகளும் முகாமில் வளர்ந்த அநாதைக் கன்றுகளும் அந்தக் கணக்கில் இருந்தன. அவர்கள் விவரித்த இதயம் அன்று நான் கையில் ஏந்திய இதயம் போலவே இருந்தது. ஆனாலும் என் கன்றும் இந்த நோயால்தான் போனது என்று என்னால் சொல்ல முடியாது. ஆதாரத்தை நானே மண்ணில் புதைத்துவிட்டேன்.

இந்த வைரஸ் வெளியிலிருந்து வந்த கொள்ளைநோய் அல்ல. நமக்குச் சின்னம்மை வந்து போனபின் அதன் வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து, வயதான காலத்தில் அக்கியாக எழும். அது போலத்தான் இதுவும். வளர்ந்த யானைகளில் பெரும்பாலானவை இதை ஆயுள் முழுக்கச் சுமக்கின்றன. அவ்வப்போது தும்பிக்கை நீரில் வெளியேற்றுகின்றன. தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி கன்றுக்குக் குறைந்துகொண்டே வரும். அது தீர்ந்த நிலையில் முதல் தொற்று வந்தால் உயிருக்கு ஆபத்து. ஒரு வயதிலிருந்து எட்டு வயது வரை கண்டம் என்றே வைத்துக்கொள்ளலாம். பெரிய யானைகளைப் பழிப்பதிலோ விலக்கி வைப்பதிலோ பயனில்லை. இது மனிதருக்குத் தொற்றுவதும் இல்லை.

2019-இல் ஒடிசாவின் நந்தன்கானன் விலங்குக் காட்சிசாலையில் ஒரு மாதத்துக்குள் நான்கு யானைகள் இந்த நோய்க்குப் பலியாயின. 2021-இல் கேரளத்தின் கோட்டூர் யானைகள் மறுவாழ்வு மையத்தில் ஸ்ரீக்குட்டி, அர்ஜுன் என்ற இரண்டு கன்றுகள் அடுத்தடுத்து இறந்தன. ஸ்ரீக்குட்டியின் முதல் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிக் கொண்டாடியவர்கள் அந்த மையத்தார். 2022-இல் வசதிக்குக் குறைவில்லாத சூரிச் காட்சிசாலையே சில வாரங்களில் மூன்று இளம் யானைகளைப் பறிகொடுத்தது. அறிகுறி தெரிந்தபின் ஓடினால் எவ்வளவு வசதி இருந்தும் போதாது.

வைரஸ் இரத்தத்தில் பெருகத் தொடங்கிச் சில நாள் கழித்துத்தான் நாக்கு நிறம் மாறும். அந்தச் சில நாள்தான் கன்றின் உயிர். வாரம் ஒருமுறை காதின் பின்புறச் சிரையில் சில மில்லி இரத்தம் எடுத்து பி.சி.ஆர். பரிசோதனை செய்தால் வைரஸ் தெரிந்துவிடும். டெங்குவில் நமக்குத் தட்டணுக்கள் இறங்குவது போல இதிலும் இறங்கும். அதையும் எண்ணிப் பார்க்கலாம். அந்த நிலையிலேயே மருந்தைத் தொடங்க வேண்டும். அக்கிக்கு நாம் சாப்பிடும் ஃபாம்சைக்ளோவிர் கன்றுக்கும் கொடுக்கப்படுகிறது. வாய் திறக்காவிட்டால் ஆசனவாய் வழியாகச் செலுத்துவார்கள். வளர்ந்த யானையின் இரத்தத்திலிருந்து பிரித்து உறைய வைத்த பிளாஸ்மாவையும் ஏற்றுவார்கள். எல்லாக் கன்றும் பிழைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. போராட நேரம் கிடைக்கும் என்கிறேன்.

பி.சி.ஆர். என்றால் என்ன என்று கரோனா காலத்துக்குப் பின் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் கோரிக்கைகள் நான்கு. முகாமில் உள்ள எட்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு கன்றுக்கும் வாராந்திர இரத்தப் பரிசோதனை. முடிவை அன்றோ மறுநாளோ சொல்லக்கூடிய தூரத்தில் ஓர் ஆய்வகம். முகாமிலேயே மருந்தும் பிளாஸ்மாவும் இருப்பு, அவற்றுக்கு மின்தடையைத் தாங்கும் குளிர்பெட்டி. நான்காவதாக, எந்தக் கன்று இறந்தாலும், காட்டில் கிடந்தாலும் முகாமில் இறந்தாலும், திசு மாதிரி எடுத்து, முடிவை மக்களுக்கு வெளியிட வேண்டும்.

மின்வேலியும் ரயிலும் அடித்துப் போடும் யானைகளை விட்டுவிட்டு வைரஸைப் பேசுவதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மின்வேலிச் சாவுக்கு எதிராகவும் நான் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஒரு யானை 22 மாதம் சுமந்து ஒரு கன்றை ஈனுகிறது. அடுத்த கன்றுக்கு நான்கைந்து ஆண்டு ஆகிறது. அப்படிப் பிறந்த கன்று தாயை இழந்து நம் பொறுப்பில் வந்தபின், நம் கண்ணெதிரே சாவதற்குக் காடு பெரிது, யானை பெரிது என்று சாக்குச் சொல்ல முடியாது.

தடுப்பூசியும் வருகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் காட்சிசாலையும் பேய்லர் மருத்துவக் கல்லூரியும் உருவாக்கிய எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியை 2024 ஜூனில் டெஸ் என்ற 40 வயது யானைக்கு முதன்முதலாகப் போட்டார்கள். அது நம் கன்றுகளுக்கு வரும் நாளில் ஊசிக்குக் காதையோ தோளையோ அசையாமல் காட்டத் தெரிந்த கன்றுகள் நம்மிடம் இருக்க வேண்டும்.

அதைச் செய்ய வேண்டியவர் பாகன்தான். ஓய்வு பெற்றபின் ஒரு முகாமில் பார்த்தேன். இளைஞர் ஒருவர் தினமும் குளிப்பாட்டி முடித்ததும் கன்றின் காதை மடித்துப் பிடித்து, விரலால் சிரையை நீவி, வெல்லக்கட்டி ஒன்றை வாயில் போடுவார். பத்து நாள் இப்படி. பிறகு விரலுக்குப் பதில் மூங்கில் குச்சியின் முனை. பிறகுதான் ஊசி. “குத்தினா கோவிச்சுக்கும்னு பயந்தேன் சார். இப்ப வெல்லத்தைக் கண்டாலே காதைத் தானா கொண்டாந்து நீட்டுது” என்றார். அந்தக் குழாய் இரத்தத்தைச் சோதிக்க ஓர் ஆய்வகமும், அதைக் கொண்டுபோக ஒரு வண்டியும் தரவேண்டியது அரசு.

அடுத்த முறை ஒரு கன்று இறந்த செய்தியைப் படிக்கும்போது, பால் ஒத்துக்கொள்ளவில்லை, தாயைப் பிரிந்த ஏக்கம் என்ற வரிகளோடு நின்றுவிடாதீர்கள். பரிசோதனை செய்தார்களா, முடிவு என்ன என்று கேளுங்கள். இரவெல்லாம் விழித்திருந்து அதற்குப் பால் கலக்கிக் கொடுத்த ஒருவர், தன் கையால்தான் அது செத்ததோ என்று எண்ணிக்கொண்டிருப்பார். அவருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். நான் சொல்லாமல் வந்துவிட்டேன்.