கைவேலை: நூல் பிசிறு

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கங்களில் பேரக் குழந்தைக்குக் குல்லாயும் காலுறையும் பின்ன உட்காரும் பாட்டிமார் உண்டு. வேலை முடிவதற்குள் மடியெல்லாம் பஞ்சு. குழந்தை குல்லாயின் நாடாவைச் சுவைத்தால் வாயெல்லாம் பிசிறு. இதற்குப் பின்னுகிறவர் கையைக் குறை கூறிப் பிரயோஜனமில்லை. காரணம் நூலிலேயே இருக்கிறது.

பருத்தி நூல் என்பது ஏறக்குறைய ஓர் அங்குல நீளமுள்ள மெல்லிய இழைகள், முறுக்கின் பலத்தால் ஒன்றையொன்று பற்றி நிற்பதேயாகும். முறுக்கு தளர்ந்தாலும், குட்டை இழைகள் மிகுந்தாலும், அவற்றின் நுனிகள் வெளியே நீட்டிக்கொள்ளும். ஊசியும் விரலும் உராயும்போது அவை உதிர்கின்றன.

இந்தத் தொல்லையை நெசவாளர் வெகு காலமாக அறிவர். பல்லாவரத்தை அடுத்த அனகாபுத்தூர், மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்ற மெட்ராஸ் கைக்குட்டைத் துணிக்கும், பிற்காலத்தில் வாழைநார் கலந்த சேலைக்கும் பெயர் பெற்ற ஊர். தறியில் ஏற்றுமுன் பருத்திப் பாவுக்குக் கஞ்சியிட்டு வாருவது நெசவுத் தொழிலின் வழக்கம். நீட்டிய நுனிகளைப் படியவைப்பதே அதன் நோக்கங்களில் ஒன்று. பின்னலுக்குக் கஞ்சி உதவாது; நூல் விறைத்துவிடும். ஆகவே பனியன் துணி பின்னும் நூலுக்கு மெழுகு தடவுகிறார்கள். முறைகள் இரண்டானாலும் தத்துவம் ஒன்றே: பிசிறை வேலை தொடங்குமுன்பே அடக்கவேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கது இது. வாங்குமுன் நூலைக் கறுப்புத் துணியில் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். வெண்பஞ்சு ஒட்டினால் வேண்டாம். குட்டை இழைகளை வாரி நீக்கிய ‘கோம்டு’ நூலில், இரண்டு மூன்று புரி சேர்த்து நன்கு முறுக்கியது உத்தமம். சிட்டமாக இருக்கையிலேயே, கசக்காமல் நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். உருண்டையாகச் சுற்றும்போது, நன்கு பிழிந்த ஈரத் துணியின் மடிப்புக்கிடையே நூலை ஓடவிட்டால், தளர்ந்த பஞ்சு துணியிலேயே தங்கிவிடும். பின்பு காற்றாட வைத்துப் பின்னுங்கள். ஊசி வழுவழுப்பாக இருக்கட்டும். அவிழ்த்து அவிழ்த்துப் பின்னினால் நூல் மேலும் நைந்துபோகும்.

முக்கியமான ஒன்று. காலுறையை உட்புறம் திருப்பி, தொங்கும் இழை யாதொன்றும் இல்லாமல் முனைகளைச் செருகிக் கத்தரித்துவிடுங்கள். தளர்ந்த ஓர் இழை சிசுவின் கால்விரலைச் சுற்றி இறுகி, ரத்த ஓட்டத்தையே தடுத்துவிடக்கூடும். குழந்தை காரணம் தெரியாமல் ஓயாது அழுதால், காலுறையைக் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். இழை இறுகி விரல் சிவந்து வீங்கியிருந்தால், தாமதமின்றி வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.