நாற்பது பேரின் பெயர் என்ன?

ஆண்டுதோறும் ஜூலை 31ஆம் தேதி நாடு வீரர் தினத்தை அனுசரிக்கிறது. பள்ளிச் சபைக்கூடலில் ஒரு நிமிட மௌனம், ஓர் உரை, அதன் பிறகு ஒரு கட்டுரைப் போட்டி. உரையில் ‘வீரம்’, ‘தியாகம்’ என்ற இரு சொற்களும் பலமுறை வரும். யார், எங்கே, என்ன செய்தார் என்பது மட்டும் பெரும்பாலும் வராது. பெயரும் இடமும் இல்லாத வீரம் மாணவர் மனத்தில் தங்குவதில்லை. மறுநாளே மறந்துவிடும். ஜொகூர் மாணவர்கள் அந்தப் பெயரையும் இடத்தையும் தேடித் தொலைவுக்குப் போக வேண்டியதும் இல்லை.

மூவாரிலிருந்து பக்ரி வழியாக யோங் பெங் போகும் சாலையில் பாரிட் சூலோங் என்ற சிறு பட்டணம் இருக்கிறது. சிம்பாங் கிரி ஆற்றின் மேல் ஒரு பாலம். அதன் அருகே ஒரு நினைவுச்சின்னம். நான்காம் படிவ வரலாற்றுப் பாடத்தில் ஜப்பானியர் ஆட்சியைப் படிக்கிறோம். தேர்வுக்காக ஆண்டுகளை மனப்பாடம் செய்கிறோம். ஆனால் அந்தப் போரின் மிகக் கொடிய நாட்களில் சில நம் மாநிலத்தின் இந்தச் சாலையில்தான் கழிந்தன என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

1942 ஜனவரி நடுவில் ஜப்பானியர் மூவார் ஆற்றைக் கடந்தபோது அங்கே நிறுத்தப்பட்டிருந்தது 45ஆவது இந்தியப் படைப்பிரிவு. ஜாட், கர்வால், ராஜ்புதானா ரெஜிமெண்டுகளைச் சேர்ந்த மூன்று பட்டாளங்கள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் அவர்கள் சிங்கப்பூரில் கப்பலிலிருந்து இறங்கினார்கள். பாலைவனப் போருக்கென்று திரட்டப்பட்டவர்களை ரப்பர் தோட்டத்திலும் சதுப்பிலும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அவர்களில் பலர் பதின்ம வயதினர். ஐந்தாம் படிவத்திலோ ஆறாம் படிவத்திலோ இருக்கும் உங்கள் வயதுதான்.

அவர்களுக்குத் துணையாக இரண்டு ஆஸ்திரேலியப் பட்டாளங்கள் அனுப்பப்பட்டன. படைப்பிரிவின் தளபதி பிரிகேடியர் டங்கன் போரில் இறந்தார். எஞ்சியவர்களுக்கு லெப்டினன்ட் கர்னல் சார்ல்ஸ் எண்டர்சன் தலைமை ஏற்றார். வழியெங்கும் சாலைத் தடைகள். ஒவ்வொன்றையும் உடைத்துக்கொண்டு, காயமடைந்தவர்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, பாரிட் சூலோங் வரை வந்து சேர்ந்தார்கள். பாலம் ஏற்கெனவே ஜப்பானியர் கையில் இருந்தது.

மிக மோசமாகக் காயமடைந்தவர்கள் இருந்த இரண்டு ஆம்புலன்ஸ்களை மட்டுமாவது போக விடும்படி எண்டர்சன் கேட்டார். எல்லாரும் சரணடைந்தால் விடுகிறோம் என்று பதில் வந்தது. அவர் மறுத்தார். அப்படியானால் ஆம்புலன்ஸ்கள் பாலத்திலேயே தடையாக நிற்கட்டும், நகர்ந்தால் சுடுவோம் என்றார்கள். அன்றிரவு இருட்டில், தானும் காயம்பட்டிருந்த ஓர் இளம் அதிகாரியும் ஒரு ஓட்டுநரும் பிரேக்கைத் தளர்த்தினார்கள். வண்டிகள் பாலத்தின் சரிவில் ஓசையில்லாமல் பின்னோக்கி உருண்டன. பிறகு இயந்திரத்தை முடுக்கி, துப்பாக்கிச் சூட்டுக்கிடையே தங்கள் ஆட்களிடம் திரும்பிவிட்டார்கள்.

வீரம் என்றால் என்ன என்று ஒரு மாணவர் என்னைக் கேட்டால் நான் சொல்வது இந்த நிகழ்ச்சியைத்தான். எதிரியை எத்தனை பேர் கொன்றார்கள் என்ற கணக்கு இதில் இல்லை. எழுந்து நடக்க முடியாதவர்களை விட்டுவிட்டு ஓடவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள், ஜனவரி 22, வேறு வழியில்லாமல் போயிற்று. நடக்கக்கூடியவர்கள் சதுப்பு வழியாக யோங் பெங்கை நோக்கித் தப்பினார்கள். சுமார் 900 பேர் பிழைத்தார்கள். நடக்க முடியாத ஏறக்குறைய 110 ஆஸ்திரேலியரும் 40 இந்தியரும் அங்கேயே விடப்பட்டனர். கைதிகளை முறையாக நடத்துவார்கள் என்பதுதான் நம்பிக்கை. அன்றே அவர்கள் கொல்லப்பட்டார்கள். உடல்கள் எரிக்கப்பட்டன. உயிர் தப்பிய ஓரிருவரின் சாட்சியத்தால் உண்மை வெளியே வந்தது. ஜப்பானியத் தளபதி நிஷிமுராவுக்கு ஆஸ்திரேலிய நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 1951இல் அவர் தூக்கிலிடப்பட்டார்.

எண்டர்சனுக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் இந்தப் பாலத்தைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. அந்த 40 பேர்? எந்த நூலைப் புரட்டினாலும் ‘40 இந்தியர்’ என்ற எண் வரும். ஆளாளாகப் பெயர் வருவதில்லை.

அவர்கள் தமிழர் அல்லர், நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். நம் இனத்தவரை மட்டும்தான் நினைப்போம் என்றால் பிற இனத்தவர் நம்மவரை ஏன் நினைக்க வேண்டும்? 1971இல் பேராக்கில் கம்யூனிஸ்டுகளுடனான மோதலில் உயிர்நீத்த கேப்டன் மோகன சந்திரன் வேலாயுதனுக்கு, நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான ஸ்ரீ பஹ்லாவான் காகா பெர்காசா வழங்கப்பட்டது. அவர் பெயரை எத்தனை மலாய், சீன மாணவர்களுக்குத் தெரியும் என்று கேட்கும் முன், எத்தனை தமிழ் மாணவர்களுக்குத் தெரியும் என்று கேட்டுப் பார்க்கலாம். 1950 பிப்ரவரியில் நம் மூவார் ஆற்றங்கரையில் புக்கிட் கெப்போங் காவல் நிலையத்தைக் காத்து மடிந்த போலீஸ்காரர்களை எல்லாருக்கும் தெரிகிறது. காரணம், 1981இல் ஒரு திரைப்படம் வந்தது. ஒருவரை நாடு நினைப்பதும் மறப்பதும் சில சமயம் இவ்வளவு சின்னக் காரணத்தில் தொங்குகிறது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் பேசியாக வேண்டும். ‘தியாகம்’ என்பதை நாம் கைநிறைய அள்ளி வீசுகிறோம். தியாகத்துக்கு ஒருவரின் விருப்பம் வேண்டும். சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஏமாற்றியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தமிழர்கள் ஆயிரமாயிரமாய்ச் செத்தார்கள். அதைத் தியாகம் என்று மேடையில் முழங்குவது, கொன்றவர்களின் குற்றத்தைத் துடைத்துவிடுவது போல. அது கொடுமை. கொடுமை என்றே சொல்ல வேண்டும்.

மாறாக, 1943இல் சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில், ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த மலாயாப் பெண்கள் விரும்பியே போனார்கள். ராசம்மா பூபாலனுக்கு அப்போது 16 வயது. ஜப்பானியருடன் கைகோத்த படை அல்லவா அது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், வகுப்பில் விவாதிக்க வேண்டியதும்கூட. ஆனால் அந்தப் பெண் போருக்குப் பின் செய்ததையும் சேர்த்துப் பாருங்கள். ஆசிரியையானார். பெண் ஆசிரியர்களுக்கு ஆண்களுக்கு இணையான சம்பளம் வேண்டும் என்று சங்கம் அமைத்துப் போராடினார். சீருடையைக் கழற்றிய பிறகும் அந்தத் துணிவு அவரிடம் இருந்தது. எனக்கு அவருடைய இந்த இரண்டாவது போராட்டத்தின் மீதுதான் மதிப்பு அதிகம்.

இறந்தவர்களை விடுங்கள், இருப்பவர்களைப் பார்ப்போம். 1964 ஆகஸ்டில் பொந்தியான் கரையில் இந்தோனேசியப் படையினர் இறங்கினார்கள். அடுத்த மாதம் லாபிஸ் பகுதியில் பாராசூட்டில் குதித்தார்கள். அந்தக் காலத்தில் சேவையில் இருந்தவர்கள் இப்போது 80 வயதைத் தாண்டியவர்கள். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சி 1989இல்தான் ஒப்பந்தத்தோடு முடிந்தது. அதில் பணிபுரிந்தவர்கள் உங்கள் தாத்தா வயதில் இருக்கிறார்கள். குளுவாங்கிலும் உலு திராமிலும் ராணுவ முகாம்கள் இருப்பதால் ஜொகூரில் முன்னாள் வீரர்களுக்குப் பஞ்சமில்லை. ஓய்வூதியத்துக்குத் தேவையான ஆண்டுகள் நிறையும் முன் வெளியேறியவர்கள் பலருக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. கடை வாசலில் பாதுகாவலராக உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எந்தக் காட்டில் எத்தனை நாள் நடந்தார் என்பது அப்போதுதான் தெரியும்.

நம் விழாக்களில் இவர்களை அழைப்பதும் உண்டு. பொன்னாடை போர்த்துவோம், படம் எடுப்போம், அடுத்த அங்கத்துக்குப் போய்விடுவோம். அவருக்கு ஒலிவாங்கி கிடைப்பதில்லை. பொன்னாடை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அரை மணி நேரம் அவரைப் பேச விடுங்கள். மாணவர்கள் கேட்கட்டும்: எப்போது பயந்தீர்கள்? யாரை இழந்தீர்கள்? திரும்பி வந்த பிறகு என்ன வேலை கிடைத்தது? தேசிய சேவைப் பயிற்சி 2025இல் மீண்டும் தொடங்கியிருக்கிறது. அணிவகுப்பும் ஒழுங்கும் அங்கே கற்றுத்தரப்படும். பயந்துகொண்டே ஒரு காரியத்தைச் செய்து முடித்த மனிதரிடமிருந்து கற்பது வேறு.

பல்கலைக்கழக மாணவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஜொகூர் பாலத்தைக் கடந்தால் கிராஞ்சி போர் நினைவிடம் அருகில்தான். அங்குள்ள சுவர்களில், கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் ரெஜிமெண்டு வாரியாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தளத்தில் வீட்டிலிருந்தபடியே தேடலாம். 9ஆவது ஜாட், 18ஆவது ராயல் கர்வால் ரைபிள்ஸ், 6ஆவது ராஜ்புதானா ரைபிள்ஸ்: 1942 ஜனவரியில் இறந்தவர்களின் பட்டியலை எடுத்து, வயது குறிக்கப்பட்டிருந்தால் அதையும் பாருங்கள். அடுத்த ஜூலை 31 சபைக்கூடலில் வாசிக்க அதில் பத்துப் பெயராவது கிடைக்கும்.