உடல்நலப் பக்கம்: கணவரின் சிறுநீரகம் ஏன் ஒத்துவரவில்லை?



சென்ற மாதம் கண்டியிலிருந்து வத்தேகம வழியாகப் பன்வில போகும் பஸ்ஸில் ஒரு தங்கையின் அருகில் இடம் கிடைத்தது. மடியில் கிளினிக் கொப்பி. இடது கையில் குருதிச் சுத்திகரிப்புக்காக நரம்பைச் சேர்த்துத் தைத்த இடம் கயிறுபோல் தடித்திருந்தது. பேச்சுக் கொடுத்தேன். 1977 கலவரத்தோடு தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போன குடும்பம். இவர் பிறந்ததும் மணமுடித்ததும் அங்கேதான். மூன்று பிள்ளைகள். 2009இல் செல் காயப்பட்டு, நான்கைந்து பை இரத்தம் ஏற்றித்தான் உயிர் பிழைத்திருக்கிறார். பிறகு முகாம், அதன் பிறகு கணவரின் உறவினர்கள் இருக்கும் பன்விலப் பக்கத்துத் தோட்டம். கவனிக்காமல் விட்ட உயர் குருதி அமுக்கம் இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது.

"அவரு தர்றேன்னுதான் சொன்னாரு மிஸ். ரத்த குரூப்பும் ஒன்னுதான். எல்லா டெஸ்டும் எடுத்து, கடைசியில பொருந்தலன்னுட்டாங்க. டொக்டர் சொன்னதுல பாதி எனக்கு வெளங்கல. எங்க அம்மா, அவரு பயந்து பின்வாங்கிட்டாருன்னு சொல்றாங்க. எனக்கும் சில நேரம் அப்படித்தான் தோணுது."

அந்தக் கடைசி வசனம் என்னை உறுத்தியது. போரில் எவ்வளவோ இழந்து மிஞ்சிய ஒரு குடும்பத்துக்குள் வீண் சந்தேகம் ஒன்று புகுந்திருக்கிறது. அவருக்கு நான் பஸ்ஸில் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

நமது உடலின் ஒவ்வொரு கலத்திலும் ஓர் அடையாளம் உண்டு. அதில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகிறது. இரத்தப் பிரிவு என்பது வேறு, இது வேறு. அந்நிய அடையாளத்தைக் கண்டால் உடல் எதிர்த்துப் போராடும். 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜோசப் மரே என்ற வைத்தியர் செய்த சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை வெற்றி பெற்றதற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே உருவ இரட்டையர் என்பதுதான். இருவருக்கும் ஒரே அடையாளம், ஆகவே சண்டையில்லை. மற்றவர்களுக்கு அந்தச் சண்டையை அடக்க மருந்து வேண்டும்.

பெண்களாகிய நமக்கு இதில் தனியான சிக்கல் ஒன்று இருக்கிறது. வயிற்றில் வளரும் பிள்ளையின் அடையாளத்தில் பாதி கணவருடையது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின்போதும் பிள்ளையின் கலங்கள் சிறிதளவு தாயின் குருதியில் கலக்கும். தாயின் உடல் அதைக் கண்டு எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து வைக்கக்கூடும். எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை. நடந்தால், அது பிள்ளைக்கோ தாய்க்கோ தெரியவே தெரியாது, பல ஆண்டுகள் சும்மா கிடக்கும். ஆனால் கணவரின் சிறுநீரகத்தை வைத்தால் அதே எதிர்ப்புப் பொருள் விழித்துக்கொண்டு, சில நிமிடங்களிலோ மணித்தியாலங்களிலோ அந்தச் சிறுநீரகத்தைக் கருக்கிவிடும்.

குருதி ஏற்றுவதாலும் இதே எதிர்ப்பு உருவாகலாம். முன்பு ஒருமுறை உறுப்பு மாற்றியிருந்தாலும் அப்படித்தான். காயப்பட்டு இரத்தம் ஏற்றிய தாய்மார் நம்மிடையே எத்தனை பேர்! அந்த இரத்தம் இல்லாவிட்டால் அன்றைக்கே உயிர் போயிருக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உறுப்பு மாற்றுக்குப் பெயர் பதியும்போது எத்தனை பிரசவம், எத்தனை கருச்சிதைவு, எப்போது இரத்தம் ஏற்றினார்கள் என்பதை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். முகாம் காலத்துத் துண்டுகள் தொலைந்திருந்தால் வாயாலாவது சொல்லுங்கள்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் கொடுப்பவரின் வெண்குருதிக் கலங்களையும் பெறுபவரின் குருதி நீரையும் ஒன்றாக்கிப் பார்க்கிறார்கள். கலங்கள் அழிந்தால் அந்தச் சோடி ஆகாது. அந்தத் தங்கையின் கணவர் பின்வாங்கவில்லை. ஆய்வுகூடத்தில் அவருடைய கலங்கள்தான் அழிந்திருக்கின்றன.

சரி, வேறு வழி? கூடப் பிறந்தவர்கள் முதல் வழி. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த இருவருக்கு அடையாளம் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு, பாதி பொருந்த நாலில் இரண்டு. மற்றது மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பு. 2017 யூலையில் இலங்கையின் முதலாவது இதய மாற்றுச் சத்திரசிகிச்சை கண்டி வைத்தியசாலையில் நடந்தது. நோயாளி ஒரு பெண். சாலை விபத்திலோ வேறு விதமாகவோ மூளை செயலிழந்த ஒருவரின் குடும்பம், அந்தத் துக்கத்துக்குள்ளும் சம்மதம் சொன்னால்தான் இப்படியானவை நடக்கும். இதயம் வெளியே எடுத்தபின் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம்தான் தாங்கும். சிறுநீரகம் ஒரு நாள் வரை தாங்கும்.

மூன்றாவதாக ஒரு வழியைத் தரகர்கள் காட்டுவார்கள். 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கையில் உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். கடன் தவணை கட்ட முடியாத வீடுகளைத் தேடித்தான் அவர்கள் வருகிறார்கள். பேசிய பணம் கைக்கு வராவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

சிறுநீரகம் பொருந்தி வைத்த பிறகுதான் உண்மையான உழைப்பு தொடங்குகிறது. நல்ல நிலையங்களில் நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்டவை முதலாண்டைத் தாண்டி வேலை செய்கின்றன. அதன்பிறகு கெடுவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று மருந்தைத் தவறவிடுவது. 'இப்போது சுகமாகத்தானே இருக்கிறேன்' என்று நிறுத்தியவர்கள் பலர் மீண்டும் இயந்திரத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். டக்ரோலிமஸ் போன்ற மருந்தைப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில் குடிக்க வேண்டும். ஜம்போலா பழம் அந்த மருந்தின் அளவைக் குருதியில் ஏற்றிவிடும், சாப்பிட வேண்டாம். நாட்டு மருந்தும் வைத்தியரைக் கேட்காமல் கூடாது.

இந்த மருந்துகள் நோயெதிர்ப்பைக் குறைப்பதால் முதல் ஆறு மாதம் தொற்று எளிதாக வரும். லயத்துக் காம்பராவில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீட்டில் ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அவரைக் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். காய்ச்சல் வந்தால் பெனடோலோடு வீட்டில் படுக்காமல் உடனே கிளினிக்குக்குப் போங்கள். புதிதாக நீரிழிவு வருவதும் உண்டு. இளம் பெண்கள், பிள்ளை பெற விரும்பினால் குறைந்தது ஒரு வருடம் பொறுத்து, முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மைக்கோபினொலேற் என்ற மருந்து கருவிலுள்ள பிள்ளையைப் பாதிக்கும், அதை முன்பே மாற்ற வேண்டியிருக்கும்.

கொடுப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகெங்கும் உயிரோடு சிறுநீரகம் கொடுப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். தாய், அக்கா, மனைவி என்றால் கேட்காமலே கொடுப்பாள் என்று வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவளைத் தனியாக அழைத்து, விருப்பமா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் 'பொருந்தவில்லை' என்று மட்டும் வீட்டுக்குச் சொல்லும்படி வைத்தியரைக் கேட்கவும் அவளுக்கு உரிமை உண்டு. ஒரு சிறுநீரகத்தோடு நன்றாக வாழலாம். ஆனால் சில வாரங்களுக்குக் கொழுந்து மூட்டையோ தண்ணீர்க் குடமோ தூக்கக் கூடாது. ஆண்டுக்கொருமுறை அமுக்கமும் சிறுநீரும் பார்க்க வேண்டும். இனிமேல் பிள்ளை பெறப்போகும் பெண்ணுக்குக் கர்ப்ப காலத்து அமுக்கம் வரும் வாய்ப்பு சற்றுக் கூடும் என்பதையும் முன்பே சொல்ல வேண்டும்.

பன்விலவில் இறங்கும்போது அந்தத் தங்கை, "அப்ப அவரு பொய் சொல்லல" என்றார், கேள்வி போலவும் இல்லாமல் பதில் போலவும் இல்லாமல். "இத எழுதித் தாங்க மிஸ், அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டணும்."

அவருடைய அக்கா கிளிநொச்சியில் இருக்கிறார். வயது நாற்பத்தொன்று, பிள்ளைப்பேறு முடிந்தவர், அமுக்கம் இல்லை. குருதிப் பரிசோதனைக்கு அடுத்த மாதம் கண்டிக்கு வருகிறார்.